மகுடத்தின் இருபுறமும் இரண்டு எழுத்துகள்

என் கைக்கு வந்த முதல் பழைய சவரக்கத்தியை நானே பாழாக்கினேன். துருவை நீக்கும் அவசரத்தில், அலகுக்கும் கைப்பிடியோடு பிணைக்கும் ஆணிக்கும் இடைப்பட்ட தண்டையும் சேர்த்து உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். தயாரிப்பாளர் முத்திரை அந்தத் தண்டில்தான் இருக்கும். ஆழமாகப் பதிந்திருந்த 'இங்கிலாந்து' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. எனவே கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. செய்தவர் பெயர் போனது போனதுதான். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இரண்டாவது கத்தியில் உப்புத்தாளே படவில்லை. எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டுத் துணியால் துடைத்தேன். இருட்டில் டார்ச்சைத் தண்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்ததும் பள்ளங்களில் நிழல் விழுந்தது. சிறிய மகுடம் ஒன்று. அதன் இடப்புறம் 'டபிள்யூ', வலப்புறம் 'ஆர்'.

அவை தயாரிப்பாளரின் தலைப்பெழுத்துகள் என்று நம்பி, அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை நாள்கணக்கில் தேடினேன். ஒன்றும் பொருந்தவில்லை. நடுவில் மகுடம் எதற்கு என்று யோசித்த பிறகே விடை கிடைத்தது: வில்லியம் ரெக்ஸ். 'ரெக்ஸ்' என்றால் லத்தீனில் மன்னர். 1830 முதல் 1837 வரை ஆண்ட நான்காம் வில்லியம் மன்னரின் அடையாளம் அது. விக்டோரியா அரசி காலத்துக் கத்திகளில் அதே இடத்தில் 'வி', 'ஆர்' இருக்கும். கத்தித் தொழிலுக்குப் பெயர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பலரும் இதைப் பதித்தார்கள் என்பதால், காலம் தெரிந்ததே தவிர ஆள் தெரியவில்லை.

கைப்பிடியும் குழப்பியது. யானைத் தந்தம் போலிருந்த அதை வெந்நீரில் நனைத்துத் தேய்த்தபோது கற்பூர வாசனை வந்தது. செல்லுலாய்டு என்ற தொடக்ககால பிளாஸ்டிக்! அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்ததே 1870இல்தான். அப்படியானால் கைப்பிடி பின்னாளில் மாற்றப்பட்டது. அலகின் வயதை அதை வைத்துக் கணிக்கக் கூடாது. தடித்த, ஆப்பு வடிவ அலகும் முத்திரை சொன்ன காலத்துக்கே ஒத்துவந்தது.

கடைசியில் மெல்லிய தாளைத் தண்டின்மேல் வைத்துப் பென்சிலால் மிருதுவாக உரசினேன். ஒரு நட்சத்திரம், பக்கத்தில் மால்டா சிலுவை, கீழே தேய்ந்த பெயரின் பின்பாதி. ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது! அந்தப் பெயரைப் போலி செய்தவர்கள் உண்டு. அதனால் பெயர், நட்சத்திரம், சிலுவை மூன்றும் சேர்ந்து தெரியும்வரை நான் முடிவுக்கு வரவில்லை.

சிதையும் செல்லுலாய்டிலிருந்து வரும் ஆவி எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் கைப்பிடியைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அலகு எண்ணெய்த் துணியில் இருக்கிறது.