‘எக்ஸாஸ்ஷன்’ என்பதற்குத் ‘தீர்கை’: தோல் சாயமிடல் சொற்பட்டியலுக்கு ஒரு முன்மொழிவு

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

தோல் பதனிடும் கையேட்டுக்கான சொற்பட்டியலில் ‘எக்ஸாஸ்ஷன்’ (exhaustion) என்பதற்கு நேராக ‘வெளியேற்றம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியின் புகைக்குழாயைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் சரி. தோலுக்குச் சாயம் போடும் இடத்தில் பொருள் நேர் எதிராகப் போய்விடுகிறது. டிரம்மில், அதாவது தோலையும் தண்ணீரையும் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாயில், ஊற்றிய சாயம் தண்ணீரை விட்டுத் தோலில் போய்ச் சேர்வதைத்தான் அங்கே எக்ஸாஸ்ஷன் என்கிறார்கள். அது கூடக் கூட வெளியே போகும் கழிவு குறையும். ‘உயர் வெளியேற்ற முறை’ என்று அச்சாகிவிட்டால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அதைப் படித்துவிட்டுக் கழிவை நிறைய வெளியே விடும் முறை என்றுதான் நினைப்பான். மாசைக் குறைக்கும் முறை என்று நாம் சொல்ல வந்ததற்கு நாமே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிடுவோம்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் சாயப் பிரிவில் வேலை பார்த்தவன். இப்போது ஊரோடு வந்து கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொல்லைத் தேடுமுன் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

குரோமில், அதாவது குரோமிய உப்பில், பதனிட்ட தோலை முதலில் அமிலத்தைக் குறைத்து நடுநிலைப்படுத்துவார்கள். தண்ணீரின் பி.எச். (அமிலத்தைக் காட்டும் எண், இறங்க இறங்க அமிலம் கூடும்) ஐந்து, ஆறு என்று இருக்கும்போது சாயத்தைப் போட்டு டிரம்மை ஓட்டுவார்கள். அந்த நிலையில் சாயம் தோலின் மேற்பரப்பில் சட்டென்று ஒட்டாது, நிதானமாக உள்ளே இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து டிரம்மை நிறுத்தி, ஒரு தோலை இழுத்து, கழுத்துப் பக்கம் தடிப்பான இடத்தில் ஒரு கீற்று வெட்டிப் பார்ப்பார் மேஸ்திரி. வெட்டு முகத்தில் இரண்டு ஓரமும் நிறமாகவும் நடுவில் வெளிறிய கோடாகவும் தெரிந்தால் இன்னும் ஓட்ட வேண்டும். கோடு மறைந்ததும் ஃபார்மிக் ஆசிட். அதையும் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, தவணை தவணையாகத்தான் ஊற்றுவார்கள். ஒரேயடியாக ஊற்றினால் மிச்சச் சாயம் மேலாகத் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும். பி.எச். மூன்றரைப் பக்கம் இறங்கும்போது தோலின் புரதத்தில் நேர்மின்னேற்றம் ஓங்குகிறது. சாயம் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் பிணைகின்றன. அப்புறம் டிரம்மிலிருந்து ஒரு கண்ணாடி தம்ளரில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள். மை போல் இருந்த தண்ணீர் வெளிறிய தேநீர் போல் ஆகியிருந்தால் மேஸ்திரி முகத்தில் சிரிப்பு வரும்.

நம் மாவட்டத்தில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிஷ் என்ற தட்டில் ரப்பர் பாலை ஊற்றி, தண்ணீர் சேர்த்து, இதே ஃபார்மிக் ஆசிட்டைக் கலந்து வைத்தால், மறுநாள் காலையில் ரப்பர் கட்டியாகத் திரண்டு தண்ணீர் தெளிந்து நிற்கும். ஆசிட் போதவில்லை என்றால் அந்தத் தண்ணீர் பால் நிறத்திலேயே இருக்கும். அத்தனையும் ஓடையில் போகும் ரப்பர்தான். ஷீட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது, தண்ணீரைப் பார்த்தால்தான் தெரியும்.

நமக்கு வேண்டிய சொல்லும் தண்ணீரைப் பார்க்கிற சொல்லாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த ஆங்கிலச் சொல்லின் பொதுப் பொருளான ‘சோர்வு’ இங்கே ஒட்டவே ஒட்டாது, அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. ‘உறிஞ்சல்’ என்று ஆம்பூர் நண்பர் சொன்னார். தோல் தண்ணீரையும்தான் உறிஞ்சும், எண்ணெயையும் உறிஞ்சும், உறிஞ்சியதைத் திரும்பக் கக்கவும் செய்யும். ‘ஏற்பு’ என்று பேராசிரியர் அம்மா எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. அம்மா மன்னிக்க வேண்டும், அதிலும் கண் தோல் மேல்தான் நிற்கிறது. தோல் எவ்வளவு ஏற்றது என்று கேட்டுவிட்டு, தண்ணீரில் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்காமல் போனதால்தான் பாலாறு தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டு அந்தக் கதிக்கு ஆனது. 1996இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்ததும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் ஊன்றியதும் அந்தத் தண்ணீரை முன்வைத்துத்தான்.

அதனால் ‘தீர்’ என்ற வேரை எடுத்துக்கொள்வோம். அரிசி தீர்ந்தது, எண்ணெய் தீர்ந்தது என்று வீட்டில் சொல்வதே இங்கும் பொருந்துகிறது. டிரம் தண்ணீரில் சாயம் தீர்ந்ததா என்று கேட்டால் எந்தத் தொழிலாளிக்கும் புரியும். பெயர்ச்சொல்லாக்கும்போதுதான் கவனம் வேண்டும். ‘தீர்வு’ என்றால் சிக்கலுக்கு விடை என்றாகிவிட்டது. ‘சாயத் தீர்வு’ என்று தலைப்பைப் பார்ப்பவர் சாயக்கழிவுப் பிரச்சினைக்கு வழி சொல்கிறார்கள் என்றே நினைப்பார். ‘தீரல்’ என்று ஒரு நண்பர் முன்வைத்தார். ஊறல், வற்றல் போல எழுத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் டிரம் ஓடுகிற சத்தத்தில் ‘சாயம் தீரல்’ என்று ஒருவர் கத்தினால், இன்னும் தீரலை என்றுதான் மற்றவர் காதில் விழும். ஆசிட் ஊற்றுகிற இடத்தில் அந்தக் குழப்பம் கூடாது. வருகை, செய்கை போலத் ‘தீர்கை’ என்று வைத்தால் வேறு எதனோடும் மோதவில்லை. விழுக்காட்டைச் சொல்லத் ‘தீர்வீதம்’.

இந்த வேரில் இன்னொரு வசதியும் உண்டு. தண்ணீரில் மிஞ்சி நிற்பதற்குத் தனியாகச் சொல் தேட வேண்டாம். தீராக் கடன் என்கிறோமே, அதுபோலத் தீராச் சாயம், தீராக் குரோமியம். கழிவுநீர்க் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல்தான் அதிகம் வேண்டியிருக்கும். நூறு கிலோ தோலுக்கு மூன்று கிலோ சாயம் போடுவதாக வைத்துக்கொள்வோம். தீர்வீதம் எண்பது என்றால் தீராச் சாயம் 600 கிராம். தொண்ணூற்றைந்து என்றால் 150 கிராம். குரோமில் இன்னும் பெரிய கணக்கு. ஒரு டன் தோலுக்கு எட்டு விழுக்காடு ‘பேசிக் குரோமியம் சல்பேட்’ என்ற பதனிடும் உப்பைப் போட்டால் 80 கிலோ. பழைய முறையில் அறுபது, எழுபது விழுக்காடு குரோமியம்தான் தோலில் சேரும். அறுபத்தைந்து என்று பிடித்தாலும் 28 கிலோ உப்புக்குரிய குரோமியம் தண்ணீரோடு போகிறது. தண்ணீரைக் குறைத்து, வெப்பத்தைக் கூட்டி, கடைசியில் பி.எச்.சை மெதுவாக உயர்த்தி இதைத் தொண்ணூறுக்கு மேல் கொண்டுபோக முடியும். அதுதான் ‘உயர்தீர்கைப் பதனிடல்’. அப்படியும் தீராததை மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் டிரம்முக்கே கொண்டுவரலாம்.

ஒரு எச்சரிக்கையைக் கையேட்டில் சேர்த்தே ஆக வேண்டும். தண்ணீர் தெளிந்துவிட்டதால் சாயம் பிணைந்துவிட்டது என்று பொருளில்லை. கடினநீரில் சில சாயங்கள் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து படிந்துவிடும். தண்ணீர் தெளிவாகத் தெரியும், சாயமோ தோலின் மேல் தூளாகக் கிடக்கும். கழுவும்போது போகும், வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தால் வரும். எனவே சாயம் தோலோடு நிலையாகப் பிணைவதற்குப் ‘பிடிப்பு’ என்று தனிச்சொல் இருக்கட்டும், தீர்கையோடு கலக்க வேண்டாம். அதேபோல் தீர்கை என்பது எவ்வளவு என்பதைச் சொல்லுமே தவிர எந்தச் சாயம் என்பதைச் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் உடலைத் தொடும் தோல் பொருட்களில், ‘அசோ’ என்ற வகைச் சாயங்கள் சிதைந்து உண்டாகும், உடலுக்குக் கேடான 22 அரோமாட்டிக் அமீன்களுக்கு ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த வகைச் சாயம் முழுதாகத் தீர்ந்தால் முழுதாகத் தோலில் இருக்கிறது என்றுதான் பொருள். அது செருப்பாகிக் காலுக்கு வரும்.

ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் மரப்பட்டை என்று மரச்சாற்றில் பதனிட்டால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பதனிடல் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. குரோமியம் இல்லாமல் போவது பெரிய காரியம். ஆனால் பட்டைச் சாற்றின் துவர்ப்பொருள் (டானின்) தண்ணீரில் எளிதில் சிதையாது, தண்ணீரைக் கருக்க வைக்கும், அதிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும். கதம்பை ஊறப்போட்ட இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் தேங்காய் மட்டைதான், ஒரு சொட்டு ரசாயனம் இல்லை, ஆனாலும் தண்ணீர் கருத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும். செடியிலிருந்து வந்தது என்பதற்காகத் தண்ணீர் பொறுத்துக்கொண்டுவிடாது. ஆகவே ‘துவர்த் தீர்கை’ என்ற சொல்லும் பட்டியலில் ஏற வேண்டும்.

பதிவுக்காக விளக்கத்தை இப்படி எழுதலாம்: தீர்கை என்பது டிரம் தண்ணீரில் இட்ட சாயத்திலோ பதனிடு பொருளிலோ, ஓட்டம் முடியும்போது தண்ணீரை விட்டுத் தோலில் சேர்ந்திருக்கும் பங்கு. தண்ணீரை அளந்து கணக்கிட வேண்டும், கண்ணால் பார்த்து அல்ல.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. ‘ஃப்ளோட்’ என்பதற்கு ‘மிதவை’ என்று போட்டிருக்கிறார்கள். டிரம்மில் தோலோடு சுழலும் தண்ணீரின் அளவு அது, மிதப்பது ஒன்றும் இல்லை. எனக்கு ‘டிரம் நீர்’ என்பதற்கு மேல் தோன்றவில்லை. வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தொழிலில் இருப்பவர்கள் பேச்சில் என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதினால் அதையே போட்டுவிடலாம்.