30% எம்.இ.ஏ. கரைசல் பழுப்பாகி நுரைக்கிறது, எம்.டி.இ.ஏ.வுக்கு மாறலாமா?

கேள்வி (கிண்டி மாணவர்)
டீசல் ஜெனரேட்டர் புகையில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க ஒரு சின்ன செட்டப். 30% எம்.இ.ஏ. (மோனோஎத்தனாலமீன், ஒரு அமீன்), மொத்தம் 20 லிட்டர். அப்சார்பர் (கரைசல் வாயுவைப் பிடிக்கிற கோபுரம்) 40 டிகிரி, ஸ்ட்ரிப்பர் (கரைசலைச் சூடாக்கி வாயுவைப் பிரிக்கிற கோபுரம்) அடியில் 104. கரைசல் டீ டிகாஷன் நிறத்துக்குப் போயிடுச்சு, மேலே நுரை கட்டுது. பேரியம் குளோரைடு போட்டுப் பார்த்தா ரிச் லோடிங் (அப்சார்பரை விட்டு வர்ற கரைசல்ல ஒரு மோல் அமீனுக்கு இருக்கிற கார்பன் டை ஆக்சைடு) 0.28 மோல்தான் வருது. எம்.டி.இ.ஏ. (மெத்தில்டைஎத்தனாலமீன்) போட்டா சரியாகுமா?

பதில் 1
முதல்ல அந்த 0.28-ஐ நம்பாதீங்க. 40 டிகிரியில 5% கார்பன் டை ஆக்சைடு இருந்தா எம்.இ.ஏ. சமநிலையில் 0.5 மோல் பக்கம் போகணும். அதுல பெரும்பகுதி கார்பமேட்டா (அமீனோட சேர்ந்த சேர்மமா) இருக்கும். குளிர்ந்த கரைசல்ல பேரியம் குளோரைடை மட்டும் விட்டா அது வீழ்படியாது, அளவு குறைஞ்சுதான் தெரியும். 2 மில்லி சாம்பிளுக்கு 0.5 மோலார் காஸ்டிக் சோடா 50 மில்லி, அதே மோலாரிட்டியில பேரியம் குளோரைடு 50 மில்லி. மூடி வச்சு 80 டிகிரியில சூடு பண்ணி, ஆறினதும் வடிகட்டிக் கழுவி, வீழ்படிவை அளந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கரைச்சு பேக் டைட்ரேஷன். திறந்து வச்சா காத்துல இருக்கிறதையும் சேர்த்துப் பிடிக்கும். அதுக்கப்புறமும் 0.3 தாண்டலைன்னா அப்சார்பர் உள்ள நிரப்பியிருக்கிற பேக்கிங்கோட உயரமோ, லீன் கரைசலோதான் (ஸ்ட்ரிப்பர்ல இருந்து திரும்பி வர்றது) காரணம். லீனையும் அதே முறையில அளங்க, 0.2 கிட்ட இருக்கணும்.

பதில் 2
நிறத்துக்கு ஆக்சிஜனேற்றம்தான் காரணம். டீசல் புகையில ஆக்சிஜன் தாராளம். கரைஞ்ச இரும்பும் செம்பும் அதை வேகப்படுத்தும். கந்தகத்தைக் குறை சொல்ல முடியாது, பிஎஸ்-6 டீசல்ல 10 பிபிஎம்தான். லைன்ல பித்தளை வால்வு, செம்பு கேஸ்கெட் இருக்கா பாருங்க. இருந்தா கழட்டி 316 ஸ்டெயின்லெஸ்ஸும் டெஃப்ளானும் போடுங்க. ஹீட்டர் ராடு நேரா கரைசல்ல முங்கியிருந்தா ராடோட மேற்பரப்பு 104-ஐவிட எவ்வளவோ சூடா இருக்கும், அமீன் அங்கேயே சிதையும். எண்ணெய்க் குளியல் நல்லது.
நுரைக்கு: புகையைத் தண்ணியில கழுவி, கரித்தூளும் லூப் ஆயிலும் போன பிறகு அப்சார்பருக்கு விடுங்க. கரைசல்ல பத்துல ஒரு பங்கை 10 மைக்ரான் ஃபில்டர், அப்புறம் ஆக்டிவேட்டட் கார்பன் வழியா சுத்த விடுங்க. சிலிக்கோன் ஆன்டிஃபோம் 10 பிபிஎம் போதும். அதிகம் ஊத்தினா அதுவே நுரைக்கும். கார்பனும் அதை உறிஞ்சிடும். குறையிற தண்ணிக்கு டிஎம் வாட்டர் (உப்பு நீக்கின தண்ணி) மட்டும். நம்ம ஊர் போர் தண்ணியில இருக்கிற குளோரைடு ஸ்டெயின்லெஸ்ஸை அரிக்கும்.

பதில் 3
எம்.டி.இ.ஏ. தனியா வேண்டாம். மூன்றாம் நிலை அமீன், கார்பமேட் கட்டாது. ஒரு மோல் அமீனுக்கு ஒரு மோல் வரை பிடிக்கும், பிரிக்கவும் வெப்பம் குறைவு. ஆனா மெதுவா வினைபுரியும். அழுத்தம் அதிகமான இயற்கை வாயுவுக்குச் சரி, உங்க 5% புகைக்கு கோபுரம் ரொம்ப உயரமா வேணும். பைப்பரசின் 5% சேர்த்தா வேகம் வரும். ஆனா அது இரண்டாம் நிலை அமீன், புகையில இருக்கிற நைட்ரஜன் டை ஆக்சைடோட சேர்ந்து நைட்ரோசமின் உண்டாகும், புற்றுநோய் அபாயம். ஃபியூம் ஹூட் இல்லாத லேப்ல தொடவே வேண்டாம். தூத்துக்குடி சோடா ஆலையில நிலக்கரி பாய்லர் புகைக்குப் போட்டது தனிக் கலவை, அது கடையில கிடைக்காது.
எம்.இ.ஏ.ல இருந்து ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்க 3.5 முதல் 4 மெகாஜூல், அதாவது சுமாரா ஒரு யூனிட் கரண்ட். இன்சுலேஷன் இல்லாத ஸ்ட்ரிப்பர்ல ரெண்டு மடங்குக்கும் மேல போகும். புது கரைசல் வாங்குற காசுல முதல்ல ராக்வூல் சுத்துங்க.

கேட்டவர்
ரோட்டாமீட்டர் (ஓட்டத்தை அளக்கிற கருவி) பக்கத்துல பித்தளை வால்வு ரெண்டு இருக்கு. மாத்திட்டு புது கரைசல் விடலாமா?

பதில் 2
பழசை வடிச்சு, டிஎம் வாட்டர்ல ரெண்டு தடவை ஓட்டிட்டு விடுங்க. பழைய கரைசல்ல கொஞ்சம் தங்கினாலும் அதுல இருக்கிற செம்பு புதுசையும் கெடுக்கும்.