ஏழாம் வகுப்பு வார்த்தைக் கணக்கு: "கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று கேட்கும் பையனுக்கு என்ன சொல்வது?

பாலக்கோடு மண்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பையன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு, தமிழ் வழி. வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான். பின்னம், தசமம் கொடுத்தாலும் போட்டுவிடுவான். மூன்று வரி எழுதிக் கேள்வி கேட்டால் மட்டும் நோட்டை என் பக்கம் தள்ளி, "அப்பா, இது கூட்டணுமா பெருக்கணுமா?" என்கிறான்.

நேற்று வந்த கணக்கு இது. ராணியிடம் 48 மாம்பழங்கள் உள்ளன. இது கவிதாவிடம் உள்ளதைவிட 12 அதிகம். கவிதாவிடம் உள்ளவை எத்தனை? பட்டென்று 60 எழுதினான். ஏன்டா என்றால், "அதிகம்னு வந்தா கூட்டணும், டியூஷன்ல சொல்லியிருக்காங்க" என்கிறான். அங்கே ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார்கள். மொத்தம், அதிகம் என்று வந்தால் கூட்டல், மீதி, குறைவு என்றால் கழித்தல், தலா என்றால் வகுத்தல். அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறான்.

எனக்குப் புரியாதது என்னவென்றால், லீவு நாளில் மண்டிக்கு வந்தால் இதே பையன் பெட்டியை எண்ணி, கமிஷனும் கூலியும் கழித்து, விவசாயி கையில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறான். அது மட்டும் எப்படி வருகிறது? வீட்டில் நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அரூர் குரூப் ஃபோர்:

அண்ணா, இதற்கெல்லாம் ஷார்ட்கட் இருக்கிறது. குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 25 கேள்வி இந்த மாதிரிதான் வரும். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து யோசித்தால் நேரம் போய்விடும். ஒருவர் 6 நாளில் முடிப்பார், இன்னொருவர் 12 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்று கேட்டால், பெருக்கியதைக் கூட்டியதால் வகுத்துவிட வேண்டியதுதான். 72-ஐ 18-ஆல் வகுத்தால் 4 நாள், பத்து வினாடி. வகைக்கு ஒரு சூத்திரம் என்று தம்பிக்கு இப்போதே பழக்கிவிடுங்கள், பின்னால் உதவும்.

காவேரிப்பட்டணம் கணக்கு டீச்சர்:

அரூர் தம்பி, உங்கள் சூத்திரம் சரிதான். போட்டித் தேர்வில் நேரம் மிச்சம். ஆனால் இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடித்தவனுக்குத்தான் அது பயன்படும். இந்தப் பையன் அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறான். உங்கள் கணக்கிலேயே "இரண்டாமவர் 2 நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்" என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், அந்தச் சூத்திரம் அங்கேயே படுத்துவிடும்.

மண்டிக்காரத் தம்பிக்கு. நான் வேலையில் இருந்தவரை ஆறு, ஏழு, எட்டுக்குத்தான் கணக்கு எடுத்தேன். முதலில் அட்டையில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பிய்த்துப் போடுங்கள். சும்மா சொல்லவில்லை. அந்தப் பட்டியல் இருக்கிறவரை பையன் கணக்கைப் படிக்கவே மாட்டான். எண் இரண்டு, வார்த்தை ஒன்று, இதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விடுவான். வகுப்பில் மொத்தம் 42 பேர், பெண்கள் 19 பேர், பையன்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். "மொத்தம்" இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும். பட்டியல் 61 என்று சொல்லும்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பிரான்சில் கிரனோபிள் என்ற ஊரில், 1980 வாக்கில், சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு இருக்கின்றன, கப்பல் தலைவனுக்கு வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் தயங்காமல் 36 என்று எழுதிவிட்டார்கள். ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் இதையே போச்சம்பள்ளி சந்தைக்கு ஆடு ஏற்றிப்போகும் வண்டி, டிரைவர் வயது என்று மாற்றி ஏழாம் வகுப்பில் போட்டேன். முன்வரிசை முழுக்க 36. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும், "டீச்சர், லைசென்ஸ் வாங்கியிருப்பான்ல, அப்போ 18-க்கு மேல" என்றான். அவன் பரீட்சையில் பெரிதாக மார்க் வாங்குகிறவன் இல்லை.

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் நடந்த தேசிய மதிப்பீட்டில், 13 வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று வந்தது. 1128 படைவீரர்கள், ஒரு பஸ்ஸில் 36 பேர், எத்தனை பஸ் வேண்டும்? வகுத்தலைச் சரியாகப் போட்டவர்கள் சுமார் 70 சதவீதம். 32 பஸ் என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்று எழுதிவைத்தார்கள். அந்த 12 பேரை ரோட்டில் விட்டுவிட்டுப் போவதா? உங்கள் பையனுக்கு ஒகேனக்கல் பரிசலை வைத்துக் கேளுங்கள். ஒரு பரிசலுக்கு 4 பேர், நாம் 30 பேர், எத்தனை பரிசல்? ஏழரை என்று சொன்னால் அரைப் பரிசலில் யார் ஏறுவது என்று கேளுங்கள், போதும்.

மண்டியில் மட்டும் எப்படிச் சரியாகப் போடுகிறான் என்றீர்களே. அங்கே பெட்டி கண் முன்னால் இருக்கிறது, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று தெரிகிறது. கூட்டலா கழித்தலா என்ற கேள்வியே அங்கே எழாது. நோட்டில் அந்த இடத்தை அவனே மனதில் கட்டிக்கொள்ள வேண்டும். அதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை, பட்டியலைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நான் செய்தது இதுதான். கரும்பலகையில் கணக்கை எழுதும்போது எண்களை எழுதவே மாட்டேன். "ராணியிடம் கொஞ்சம் மாம்பழம். இது கவிதாவிடம் உள்ளதைவிடக் கொஞ்சம் அதிகம்." இவ்வளவுதான். எண் இல்லாததால் கை பரபரக்க ஒன்றும் இருக்காது. பிறகு மூன்று கேள்வி. யாரிடம் அதிகம்? யாருடையது நமக்குத் தெரியும்? யாருடையதைக் கேட்கிறார்கள்? "ராணிகிட்டதான் அதிகம்" என்று வாயால் சொன்ன பிள்ளை கவிதாவுக்கு 60 எழுதாது. அதற்கப்புறம்தான் 48-ம் 12-ம் போர்டுக்கு வரும். வீட்டில் கட்டைவிரலால் எண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள், அதே பலன்தான். தினமும் ஒரு கணக்கு போதும். இருபது கணக்குக் கொடுத்தால் பழையபடி வேகத்துக்குப் போய்விடுவான்.

ஓசூர் லேத்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று. பின்னம் வந்தால் படம் போடச் சொல்லுங்கள் அண்ணா. சிங்கப்பூர் பள்ளிகளில் 1980களிலிருந்து பட்டை வரைந்துதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். என் பொண்ணுக்கு நான் போட்ட கணக்கு: பறித்த பெங்களூரா மாங்காயில் ஐந்தில் இரண்டு பங்கு கூழ் ஆலைக்குப் போனது. மீதியில் பாதியைச் சந்தையில் விற்றாச்சு. இப்போது 90 கிலோ இருக்கிறது. பறித்தது எவ்வளவு?

நீளமாக ஒரு பட்டை, 5 கட்டம். 2 கட்டம் ஆலைக்கு. மீதி 3-ஐப் பாதியாக்க வராது, அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாக வெட்டி மொத்தம் 10. ஆலைக்கு 4, சந்தைக்கு 3, மிச்சம் 3. மூன்று கட்டம் 90 கிலோ என்றால் ஒன்று 30, பத்து 300. எக்ஸ், ஒய் எதுவும் எழுதவில்லை. எட்டாம் வகுப்பில் சமன்பாடு வரும்போது ஒரு கட்டத்துக்கு எக்ஸ் என்று பெயர் வைத்தால் சரி.

பாலக்கோடு மண்டிக்காரன்:

டீச்சருக்கும் ஓசூர் அண்ணனுக்கும் நன்றி. விரலால் மூடிப் படிக்கச் சொன்னேன். முதலில் "எண்ணே இல்லாம எப்படிப்பா போடறது" என்று எரிச்சல்பட்டான், அப்புறம் கதையாகச் சொல்ல ஆரம்பித்தான். மாம்பழக் கணக்கு 36 வந்துவிட்டது.

இன்று நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன். 25 கிலோ தக்காளிப் பெட்டியை 400 ரூபாய்க்கு வாங்கி, 2 கிலோ அழுகல் போக, மீதியைக் கிலோ 20 ரூபாய்க்கு விற்றால் இலாப சதவீதம் என்ன? அழுகலை அவனே கழித்து 23 கிலோ, 460 ரூபாய், இலாபம் 60 என்று வந்துவிட்டான். கடைசியில் 60-ஐ 460-ஆல் வகுத்தான். 400-ஆல் வகுக்கணும்டா என்றால், "எதுக்கு? கைக்கு வந்தது 460 தானே" என்கிறான். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

காவேரிப்பட்டணம் கணக்கு டீச்சர்:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான், அதட்டாதீர்கள். "அடக்க விலையின் மேல்தான் இலாப சதவீதம்" என்று புத்தக வரியை ஒப்பிக்கவும் வேண்டாம். காலையில் உன் பையிலிருந்து எவ்வளவு எடுத்துப் போட்டாய் என்று கேளுங்கள். 400. அந்த 400 உனக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது? 60. அப்போது 100 போட்டிருந்தால்? நாலு நூறுக்கு 60, ஒரு நூறுக்கு 15. அதுதான் 15 சதவீதம். கைக்கு வந்த 460-க்குள் அவன் போட்ட 400-ம் இருக்கிறதே, அதை அவனையே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து நேர் மாறல், எதிர் மாறல் கணக்குக் கொடுக்கும்போது, 10 ஆள் 12 நாளில் முடிக்கும் வேலையை 15 ஆள் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பதில் எல்லாப் பிள்ளைகளும் சறுக்கும். பேனா எடுக்கும் முன் "ஆள் கூடினால் நாள் கூடுமா, குறையுமா?" என்பதற்கு மட்டும் பதில் எழுதச் சொல்லுங்கள். குறையும் என்று எழுதிவிட்டு 18 நாள் என்று போட அவனுக்கே கை வராது, 8-க்கு வந்துவிடுவான். அவன் எழுதியதைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.