கனவு வீட்டை ஆர்க்கிடெக்டிடம் எப்படிச் சொல்வது? 1,800 சதுர அடிக்குள் இதெல்லாம் அடங்குமா?

முற்றம்தேடி எழுதியது:

வணக்கம். ஆர்க்கிடெக்டைப் பார்க்கப் போவதற்கு முன், மனதில் இருக்கும் வீட்டைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். இப்போதைக்குக் கையில் இருப்பது சேர்த்து வைத்த படங்கள் மட்டும்தான். வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், அம்மா. தரைத்தளமும் ஒரு மாடியும். மொத்தக் கட்டடப் பரப்பு 1,800 சதுர அடியைத் தாண்டக் கூடாது.

ஆசைகள் (அளவெல்லாம் அடியில்): இரட்டை உயரக் கூரையோடு, அதாவது மேலே மாடி அறை இல்லாமல் இரண்டு தள உயரத்துக்குத் திறந்த ஹால் 20க்கு 16, சாப்பாட்டு அறை 12க்கு 12, சமையலறை 12க்கு 12, படுக்கையறை மூன்று (ஒவ்வொன்றும் 14க்கு 12), குளியலறை மூன்று (8க்கு 5), படிப்பறை 10க்கு 10, நடுவில் 10க்கு 10 முற்றம், முன்னால் 16க்கு 6 வராந்தா. மேற்குப் பக்கம் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை ஜன்னல். மொட்டைமாடியில் மண் நிரப்பித் தோட்டம்.

கூட்டினால் 1,528 வருகிறது. மீதி 270 சதுர அடி கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? எதை விட்டுவிட்டோம்?

---

ரசமட்டம்:

மீதி இல்லை, பற்றாக்குறைதான். நீங்கள் கூட்டியது அறைகளின் உள்ளளவு. சுவர் கனமும் நடைபாதையும் அதில் இல்லை. வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் 4½ அங்குலம் என்று வைத்தால், சுவரும் நடையும் சேர்ந்து இந்த அளவு வீட்டில் உள்பரப்பின் மேல் 25 முதல் 30 சதவீதம் பிடிக்கும். அப்படியானால் 1,910 முதல் 1,986 வரை.

படிக்கட்டையும் காணோம். தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். ஒரு படியின் உயரம் 7 அங்குலம் என்றால் 18 ஏற்றம். மிதிபலகை அகலம் 10½ அங்குலம். இரண்டு மடங்கு உயரமும் ஒரு மடங்கு அகலமும் கூட்டினால் 24 முதல் 25 அங்குலம் வரவேண்டும் என்பது பழைய கணக்கு. இங்கே 24½ வருகிறது, சரி. நடுவில் திரும்பும் படிக்கட்டானால் ஒரு பக்கத்துக்கு 9 ஏற்றம், 8 மிதி. 8 மிதிக்கு 7 அடி, திரும்பும் மேடை 3 அடி, ஏறும் இடத்தில் நிற்க 3 அடி: நீளம் 13 அடி. அகலம் இரண்டு பக்கமும் 3 அடி, நடுவில் இடைவெளியோடு 7 அடி. ஆக 91 சதுர அடி. மொத்தம் 2,000 முதல் 2,080 வரை போய்விடும்.

படங்களில் படிக்கட்டு அழகாகத்தான் இருக்கும். இடம் போதாமல் படி உயரத்தை 8 அங்குலமாக ஏற்றி, மிதியை 9 ஆகக் குறைத்த வீடுகளில் அம்மா வயதுக்காரர்கள் மாடிக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். வெட்ட வேண்டுமானால் வேறு எங்காவது வெட்டுங்கள்.

எங்கே? ஹாலை 18க்கு 14 ஆக்கினால் 68 மிச்சம். சமையலறையையும் சாப்பாட்டு இடத்தையும் ஒரே 20க்கு 12 இடமாக்கினால் 48. படிப்பறையை 8க்கு 7 ஆக்கினால் 44 (ஒரு மேசை, ஒரு அலமாரி, ஒரு ஆள், அதற்கு இது தாராளம்). வராந்தா 12க்கு 5 என்றால் 36. மொத்தம் 196. சுவர், நடைபாதைப் பங்கும் சேர்ந்து குறைவதால் கட்டடப் பரப்பில் 250 வரை இறங்கும். 1,750க்கும் 1,820க்கும் இடையில் வந்துவிடுவீர்கள். படுக்கையறைகளைத் தொட வேண்டாம். ஏன் என்பதை வேறு யாராவது சொல்வார்கள்.

---

மூலைமட்டம்:

நான் சொல்கிறேன். 14க்கு 12 படுக்கையறை ஆடம்பரம் இல்லை, சரியாகப் பொருந்தும் அளவு. கட்டில் 6க்கு 6½. கால்மாட்டில் அலமாரி 2 அடி ஆழம், அதன் முன் நின்று கதவைத் திறக்க 3 அடி. 6½ + 3 + 2 = 11½, 12 அடியில் அடங்கும். குறுக்கே கட்டில் 6, இரு பக்கமும் இரண்டரை இரண்டரை, ஆக 11. மீதி 3 அடியில் ஒரு சின்ன மேசை. 12 அடியை 11 ஆக்கினால் முதலில் சாவது அலமாரிக்கு முன் இருக்கும் இடம். பிறகு அலமாரிக்குப் பக்கவாட்டில் நகரும் கதவுதான் போட முடியும்.

சாப்பாட்டு இடத்தில் நிலைமை தலைகீழ். ஆறு பேர் மேசை 5க்கு 3. நாற்காலியைப் பின்னால் இழுத்து எழ ஒவ்வொரு பக்கமும் 3 அடி. 9 அடி அகலமே போதும். சமையலறை இரு பக்க மேடையானால் 2 + 4 + 2 = 8 அடி. நடுவில் இருக்கும் அந்த 4 அடியை மூன்றரைக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். இரண்டு பேர் முதுகோடு முதுகு நிற்க முடியாது. மேடை உயரத்தை ஊருக்கெல்லாம் ஒரே அளவாக வைக்கிறார்கள். அதிக நேரம் சமைப்பவரின் முழங்கை உயரத்தை அளந்து, அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். அதுதான் உங்கள் உயரம்.

வேலை இதுதான்: கட்டத்தாளில் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்து, கட்டில், அலமாரி, சோபா, மேசை, பிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் அட்டையில் வெட்டுங்கள். கதவுக்குக் கால்வட்டமும் வெட்ட வேண்டும். அறையை வரைவதற்கு முன் பொருட்களை அடுக்கிவிட்டு, அவற்றைச் சுற்றிச் சுவரை வரையுங்கள். பலர் பெட்டி பெட்டியாக அறையை வரைந்துவிட்டு, கட்டில் போட்டதும் கதவு பாதி திறப்பதைக் குடிபோன அன்று கண்டுபிடிக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் அலமாரி வரவேண்டுமென்றால் நிலைக்கும் சுவர் மூலைக்கும் நடுவே 2 அடி 2 அங்குலமாவது விடச் சொல்லுங்கள். வழக்கமாக விடுவது 4 அங்குலம்தான்.

---

தூக்குக்குண்டு:

இரட்டை உயர ஹாலைப் பற்றி யாரும் பேசவில்லையே. அழகு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பட்டியலே அதை ஏற்காது. தரைத்தளத்தில் ஹாலையும் முற்றத்தையும் வராந்தாவையும் நீக்கினால், மேலே கட்டக் கூரையுள்ள அறைகள்: சாப்பாடு, சமையல், ஒரு படுக்கை, ஒரு குளியல். 496 சதுர அடி. மாடியில் வரவேண்டியவை: இரண்டு படுக்கை 336, இரண்டு குளியல் 80, படிப்பறை 100. 516 ஆகிவிட்டது, நடை இன்னும் வரவில்லை. ரசமட்டம் சொன்ன குறைப்புகளுக்குப் பிறகும் கீழே 448, மேலே 472. ஹால் கூரையில் ஒரு பகுதியை எடுக்காமல் மாடி உட்காராது.

அதோடு, 20 அடி உயரத்தில் பேனும் விளக்கும் பழுதானால் ஒவ்வொரு முறையும் சாரம் கட்ட வேண்டும். ஹாலில் ஓடும் டிவி சத்தம் மாடிப் படுக்கையறைக் கதவுவரை வரும். சூடான காற்று மேலேறி மாடி நடையில் தேங்கும். படிக்கட்டுப் பக்கம் 8க்கு 8 மட்டும் திறந்துவிட்டு, அதன் உச்சியில் திறக்கக்கூடிய வென்டிலேட்டர் வையுங்கள். உயரம் கிடைத்த உணர்வு வரும், சூடும் வெளியேறும். உச்சியில் திறப்பு இல்லாத இரட்டை உயரம் வெறும் சூட்டுக் கிடங்கு.

முற்றத்தைக் கைவிடாதீர்கள். உங்கள் பட்டியலிலேயே நல்ல யோசனை அதுதான். ஒரு கணக்கு மட்டும். நான்கு பக்கமும் இரண்டு தளச் சுவர், அதாவது 21 அடி எழும்பினால், 10 அடி அகல முற்றத்தில் குறுக்கே வரும் வெயில் தரையைத் தொட சூரியன் ஏறத்தாழ 65 பாகைக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். பல மாதங்களில் பெரும்பாலான நேரம் அது நடக்காது. அடியில் பாசிதான் பிடிக்கும். ஒரு பக்கத்தை ஒரே தளமாக விட்டால் அந்தப் பக்கத்து வெயிலுக்கு 46 பாகை போதும். முற்றத்துத் தரை அறைத் தரையைவிட 4 முதல் 6 அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 சதுர அடியில் 460 லிட்டருக்கு மேல் விழும். அது ஒரு பெரிய விஷயமே இல்லை, குழாய் அடைக்காதவரை. அதனால்தான் 4 அங்குலத்தில் இரண்டு வடிகால் வாய் வேண்டும். ஒன்றில் இலை அடைத்தால் மற்றொன்று இழுக்கும். சுற்றியுள்ள கூரைத் தண்ணீரை முற்றத்துக்குள் விடவே விடாதீர்கள்.

மேற்கு மூலை ஜன்னல்: சாயங்கால வெயில் தாழ்வாக வரும். சூரியன் 30 பாகையில் இருக்கும்போது 2 அடி சன்ஷேடு, ஜன்னலின் மேல் ஓர் அடி சொச்சத்தை மட்டும் மறைக்கும். 4 அடி ஜன்னலில் மீதி மூன்றடி அப்படியே வாங்கும். சன்ஷேடை நீட்டுவதால் பயன் குறைவு. செங்குத்துப் பலகைகளோ, வெளியே மரமோ, வெளிப்புற மடக்குத் திரையோதான் வேலை செய்யும். உள்திரை போட்டால் கண் கூசாது, ஆனால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். படிக்க உட்காரும் ஜன்னல் என்றால் கிழக்குக்கு மாற்றுங்கள். இன்னொன்று: மூலையில் ஜன்னல் என்றால் மூலையில் தூண் வராது, மேலே பீம் வெளித்தள்ளி நிற்க வேண்டும். தூண் வரைபடம் போட்ட பிறகு இதைக் கேட்டால் எஞ்சினியர் முகம் மாறும்.

---

நூல்கயிறு:

மொட்டைமாடித் தோட்டம் பற்றி. நனைந்த மண் ஒரு கன மீட்டர் 1,600 கிலோவுக்குக் குறையாது. ஓர் அடி ஆழத்துக்கு மண் கொட்டினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு வழக்கமாக எடுக்கும் புழக்கச் சுமை (கட்டடத்தின் சொந்த எடை போக, ஆட்களும் பொருட்களும் தரும் எடை) சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ. அதனால் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக் கூடாத ஆசை இது. எந்தப் பகுதியில் எத்தனை அங்குல மண் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். பீமுக்கு நேர் மேலே வரும் தொட்டிகள் மட்டும் போதும் என்றால் அதையும் எழுதுங்கள்; செலவு வெகுவாகக் குறையும். தண்ணீர்த் தொட்டியும் அப்படியே, 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். தூண்களுக்கு மேல் உட்கார வேண்டும்.

குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரட்டும். மாடிக் குளியலறை சாப்பாட்டு மேசைக்கு மேலே வந்தால் என்றைக்காவது ஒரு நாள் கசியும். கழிவறைக் குழாய் 4 அங்குலத்துக்கு 60க்கு 1 வாட்டம் வைத்தால் 20 அடிக்கு 4 அங்குலம் இறங்கும். தூரம் கூடக் கூட ஆழம் கூடும், அதனால் குளியலறைகளை வெளிச்சுவர் ஓரம் வையுங்கள். தரை வாட்டம் 80க்கு 1: 8 அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். வாட்டம் ஷவர் பக்கம் போகட்டும், வாசல் பக்கம் அல்ல.

அம்மா அறை தரைத்தளத்தில், குளியலறை அதை ஒட்டி. கதவைத் திறந்ததும் 32 அங்குலம் தடையில்லாமல் கிடைக்க வேண்டும், எனவே நிலை 3 அடிக்குக் குறையக் கூடாது. வாசற்படி உயரம் வேண்டாம். கைப்பிடி வரும் சுவரில் 4½ அங்குலக் கட்டையோ கான்கிரீட்டோ முன்பே வைத்தால் பிறகு ஆணி தளராது.

---

முற்றம்தேடி:

அனைவருக்கும் நன்றி. இரட்டை உயரத்தை 8க்கு 8 ஆக்குகிறோம், ஜன்னல் கிழக்குக்குப் போகிறது. ஒரு கேள்வி: இவ்வளவையும் வைத்து நாங்களே பிளான் வரைந்து கொடுத்துவிடலாமா? அல்லது படங்களையும் பட்டியலையும் மட்டும் கொடுப்பதா?

---

ரசமட்டம்:

முடிந்த பிளான் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர் அதைத் திருத்துவாரே தவிர யோசிக்க மாட்டார். இரண்டு தாள் போதும். முதல் தாளில் ஒரு நாளின் மணிக்கணக்கு: காலை 6 மணிக்கு யார் எழுந்து எங்கே போகிறார், எந்தக் குளியலறைக்கு ஒரே நேரத்தில் இருவர் வருவார்கள், ஈரத் துணி எந்த வழியாக எங்கே போகும், இரவில் விளக்கை அணைப்பவர் எங்கிருந்து அணைப்பார். டூவே சுவிட்ச் (ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைப்பது) எங்கெங்கே வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். படுக்கைத் தலைமாடும் படிக்கட்டின் இரு முனையும் நிச்சயம்.

இரண்டாம் தாளில் ஆசைகள் மூன்று வரிசையாக: விட முடியாதவை, இடமிருந்தால் வேண்டியவை, வெறும் ஆசை. முதல் வரிசையில் ஐந்துக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதில் பிடித்தது எது என்று ஒரு வரி எழுதுங்கள். "இந்த ஹால்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. பிடித்தது வெளிச்சமா, தரையின் நிறமா, கூட்டம் இல்லாமல் இருப்பதா? பெரும்பாலும் கடைசிதான், அதற்கு அலமாரி வேண்டும், பெரிய ஹால் அல்ல.

முதல் பிளான் வந்ததும், அளவுகள் சுவர் உள்பக்கத்திலிருந்தா நடுவிலிருந்தா என்று கேளுங்கள். பூச்சு இரு பக்கமும் அரை அரை அங்குலம் தின்னும். 12 அடி என்பது 11 அடி 11 ஆகலாம், அலமாரி செய்பவருக்கு அது முக்கியம். பிறகு இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டு நடந்து பாருங்கள். திறந்த வெளியில் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும், பயந்து பெரிதாக்கிவிடாதீர்கள். கட்டிலும் மேசையும் வரும் இடத்தில் அட்டைப் பெட்டிகளை வைத்து, நடக்கும் வழியை மட்டும் சோதியுங்கள். தூண் குழி தோண்டும்வரை கோட்டை அழித்துப் போடச் செலவு ஒரு மூட்டைச் சுண்ணாம்புதான்.