பூ மார்க்கெட்டில் நின்றுபோன பெட்டியும் டிஎன்எஸ் கேட்கும் நிரலும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சி மொழியில் டிஎன்எஸ் சர்வரிடம் (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஐபி விலாசத்தைச் சொல்லும் சர்வர்) கேள்வி கேட்கும் நிரல் எழுதியவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். ரெஸ்_இனிட், ரெஸ்_க்வெரி, ரெஸ்_செர்ச், டிஎன்_எக்ஸ்பேண்ட் என்று போகிற பழைய ரூட்டீன் குடும்பத்தைச் சொல்கிறேன். 1980களில் பெர்க்லி யூனிக்ஸோடு வந்தது, இன்றைக்கும் லினக்ஸில் அதே பெயரில் இருக்கிறது. அதனால் எனக்கு ஒரு விடியற்காலையில் நடந்ததை எழுதுகிறேன்.

2016 கடைசி. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு எடை பதியும் பெட்டி செய்து கொடுத்திருந்தேன். ஒரு ராஸ்பெர்ரி பை போர்டு, எலெக்ட்ரானிக் தராசிலிருந்து ஒரு ஒயர், ஒரு சின்னத் திரை, நாலு பட்டன். பூவைத் தராசில் வைத்துப் பட்டனைத் தட்டினால் எடை, ரகம், விலை மூன்றும் எங்கள் சர்வருக்குப் போகும். விவசாயி செல்லுக்கு எஸ்எம்எஸ் வந்துவிடும். மல்லிக்கு இது ரொம்ப முக்கியம். மொட்டாக இருக்கும்போதே கைமாற வேண்டிய பூ. விடியும்போது ஒரு விலை, வெயில் ஏறியதும் வேறு விலை. எந்த நேரத்தில் எத்தனை கிலோ போட்டோம் என்பதற்கு அந்த எஸ்எம்எஸ்தான் விவசாயி கையில் இருக்கும் சாட்சி.

முகூர்த்த நாளுக்கு முந்தின நாள், காலை 4 மணிக்குக் கடைக்கார அண்ணனிடமிருந்து போன். "தம்பி, பெட்டி நின்னுபோச்சுய்யா. பூ கொண்டாந்தவய்ங்க எல்லாம் காத்துக்கிட்டு நிக்கிறாய்ங்க. வெரசா வா."

புதூரிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம். போய்ப் பார்த்தால் திரையில் 3.450 என்று எடை நிற்கிறது. மூட்டையைத் தூக்கின பிறகும் அதே 3.450. பத்து விநாடி கழித்து "சர்வர் பெயர் தவறு" என்று சிவப்பில் ஒரு வரி. அடுத்த மூட்டை, மறுபடியும் பத்து விநாடி, மறுபடியும் அதே வரி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, ஈரத்துணி போட்டு மூடின கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தேன். சரியாகிவிட்டது. அண்ணனும், "அம்புட்டுத்தானே, இதை நானே செஞ்சுருப்பேனே" என்றார். ஆனால் அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. ஆஃப் ஆன் செய்தால் சரியாகிற கோளாறை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. வியாபாரம் முடிந்ததும் கடையிலேயே உட்கார்ந்து, முந்தின நாள் யார் எதைத் தொட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கடைப் பையன் சொன்னான்: "ராத்திரி நெட்டு வரலைண்ணே. கேபிளை உருவி அந்த இன்னொரு ரூட்டர்ல மாட்டுனேன்."

அதையே திரும்பச் செய்யச் சொன்னேன். பெட்டி பழையபடி நின்றது. இந்த முறை ஆஃப் செய்யாமல் லேப்டாப்பிலிருந்து உள்ளே போனேன். எங்கள் சர்வர் பெயரை பிங் செய்தால் போகிறது. எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்தால் புது ரூட்டரின் விலாசம், 192.168.0.1, ஒழுங்காக இருக்கிறது. பிறகு கம்பியில் போவதைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்து, டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53ஆம் போர்ட்டைப் பார்த்தேன். என் நிரல் இன்னும் பழைய ரூட்டரை, 192.168.1.1ஐத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கேள்வி, 5 விநாடி மௌனம், அதே கேள்வி மறுபடி, இன்னொரு 5 விநாடி மௌனம். கோப்பில் ஒரு விலாசம், கம்பியில் வேறு விலாசம்.

காரணம் இதுதான். அந்தப் போர்டில் இருந்தது ஜிலிப்சி (லினக்ஸில் சி நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்) 2.19 பதிப்பு. அந்தக் காலத்து ஜிலிப்சி, நிரல் முதல் தடவை பெயர் கேட்கும்போது ரெஸ்_இனிட் வழியாக ரிசால்வ்.கான்ஃப் கோப்பை ஒரே ஒரு முறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். கோப்பு அப்புறம் மாறினாலும் திரும்பிப் பார்க்காது. பிங் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால் அதற்குப் புது விலாசம் கிடைத்தது. நாள் கணக்காக ஓடிக்கொண்டிருந்த என் நிரலுக்குக் கிடைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் வந்த 2.26 பதிப்பிலிருந்துதான் கோப்பு மாறினால் தானாக மறுபடி படிக்கும் வசதி வந்தது. அந்த 5 விநாடியும் இரண்டு முயற்சியும் அதன் இயல்பான அமைப்பு. நாம் எதையும் எழுதாவிட்டால் அவைதான்.

இது நூலகத்தின் குணம். என் தப்பு வேறு. பெயருக்கு ஐபி விலாசம் தேடித் தரும் கெட்ஹோஸ்ட்பைநேம் ரூட்டீன் வெறும் கையோடு திரும்பினால், காரணம் எதுவாக இருந்தாலும் "சர்வர் பெயர் தவறு" என்று எழுதிவைத்திருந்தேன். எச்_எர்னோ என்ற மாறியில் நாலு விதமான காரணம் வருகிறது. ஹோஸ்ட்_நாட்_ஃபவுண்ட் என்றால் அப்படி ஒரு பெயரே கிடையாது. ட்ரை_அகெய்ன் என்றால் பதில் வரவில்லை, அப்புறம் கேள். நோ_ரிகவரி என்றால் மீள முடியாத பிழை. நோ_டேட்டா என்றால் பெயர் உண்டு, நீ கேட்ட வகைத் தகவல் அதற்கு இல்லை. எனக்கு அன்றைக்கு வந்துகொண்டிருந்தது இரண்டாவது. "ஆளே கிடையாது" என்பதும் "கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை" என்பதும் ஒன்றா? இரண்டையும் ஒன்றாக்கியதால் மூன்று வாரம் நான் சர்வர் பெயரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

செய்த மாற்றம்: ட்ரை_அகெய்ன் வந்தால் ரெஸ்_இனிட்டை மறுபடி அழைத்து இன்னொரு தடவை கேட்பது. அதைவிட முக்கியமானது, எடை படிக்கும் சுழலிலிருந்து பெயர் தேடும் வேலையையே பிரித்துத் தனி புராசஸாக வைத்தது. எடை முதலில் பெட்டியிலேயே பதிவாகும், நெட் கிடைக்கும்போது சர்வருக்குப் போகும். தராசு எதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு பதில்:

அண்ணே, படிக்கும்போதே எனக்கு எம்எக்ஸ் (ஒரு டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) ஞாபகம் வந்துவிட்டது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு ரூம் பதிவு செய்யும் நிரல் எழுதினேன். வெளியூர்க்காரர்கள் மெயில் முகவரியைத் தப்பும் தவறுமாகத் தட்டிவிடுகிறார்கள் என்று, முகவரியின் டொமைனுக்கு எம்எக்ஸ் பதிவு இருக்கிறதா என ரெஸ்_க்வெரி வைத்துச் சோதித்தேன். நீங்கள் சொன்ன அந்த நோ_டேட்டாவில்தான் நானும் மாட்டினேன். எம்எக்ஸ் இல்லையென்றால் முகவரி செல்லாது என்று தள்ளிக்கொண்டிருந்தேன். எம்எக்ஸ் இல்லாவிட்டால் அந்தப் பெயரின் ஐபி விலாசத்துக்கே மெயிலைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்பது மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபியின் விதி. நல்ல முகவரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு பெரியவர் குடும்பத்தோடு நேரில் வந்து நின்று, "பதிவே ஆகலைன்னு சொல்லுதுங்க" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது பைட் கணக்கு. பதிலின் தலைப்பகுதி 12 பைட். அதன்பிறகு நாம் கேட்ட கேள்வியே திரும்ப வரும். பதில் பகுதியில் பெயரை முழுசாக எழுதாமல் 192, 12 என்று இரண்டே பைட் இருக்கும். முதல் இரண்டு பிட்டும் 1 என்றால் அது பெயர் இல்லை, "பெயர் 12ஆம் இடத்தில் இருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்ற சுட்டி. சோதித்த பத்துப் பதினைந்து டொமைனிலும் அப்படியே வந்ததால், பெயர் என்றால் 2 பைட் தாண்டு என்று கையால் எழுதிவிட்டேன். ஒரு சர்வர் பெயரை முழுசாகவே எழுதி அனுப்பியது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் இடம் மாறிப்போனது. 10 என்று வரவேண்டிய முன்னுரிமை எண் ஐந்து இலக்கத்தில் வந்தது. டிஎன்_ஸ்கிப்நேம் என்று ஒரு ரூட்டீன் இதற்காகவே இருக்கிறது. சுட்டியோ முழுப் பெயரோ, எதுவானாலும் சரியாகத் தாண்டும். பெயரை விரித்துப் படிக்க டிஎன்_எக்ஸ்பேண்ட். ஒரு சுட்டி தன்னையே சுட்டி முடிவில்லாமல் சுற்றவைக்கும் விஷமப் பதிலையும் அது பிடித்துவிடும். கையால் எழுதினால் அதையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. பதிலை வாங்கிவைக்க 512 பைட் பஃபர் (நினைவக இடம்) வைத்திருந்தேன். டிஎன்எஸ் வழக்கமாகப் போய்வரும் யுடிபி என்ற முறையின் பழைய வரம்பு அதுதான். டெக்ஸ்ட் பதிவு (டொமைனோடு வைக்கும் எழுத்துத் தகவல்) கேட்கும்போது ஒரு நாள் நிரல் செத்தது. ரெஸ்_க்வெரி திருப்பித் தந்த நீளம் 700க்கும் மேல். யுடிபியில் அடங்காத பதிலை அது டிசிபி என்ற இன்னொரு முறையில் போய் வாங்கிவருகிறது. பஃபரில் கொள்கிற அளவு மட்டும் எழுதுகிறது. ஆனால் நீளமாக முழுப் பதிலின் நீளத்தைச் சொல்கிறது. நான் அந்த எண்ணை நம்பி பஃபரைத் தாண்டிப் படித்தேன். திரும்பி வரும் நீளத்தைப் பஃபர் அளவோடு ஒப்பிடாமல் ஒரு பைட்டைக்கூடத் தொடாதீர்கள். இதில் அஜாக்கிரதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2016 பிப்ரவரியில் வெளியான ஜிலிப்சி ஓட்டையே போதும். கெட்ஹோஸ்ட்பைநேமுக்குப் பதிலாக வந்த கெட்அட்ரின்ஃபோவுக்குள் 2048 பைட் இடத்தை மீறிப் பதில் எழுதப்பட்டது.

மேலூரிலிருந்து ஒரு பதில்:

நான் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். கொட்டாம்பட்டிப் பக்கம் வாசகர் வட்டம் நடத்தும் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரிலேயே, தமிழிலேயே, கடைசியில் .இந்தியா என்று முடியும் முகவரி வேண்டும் என்றார்கள். கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். முகவரி வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். தமிழ்ப் பெயரை அப்படியே ரெஸ்_க்வெரிக்குக் கொடுத்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில்.

பெயரை யுடிஎஃப்-8 பைட்டாகவே அனுப்பியது தப்பு. டிஎன்எஸ்ஸில் அந்த முகவரி பியூனிகோட் வடிவத்தில்தான் பதிவாகியிருக்கிறது. எக்ஸ், என், இரண்டு கோடு, பிறகு ஆங்கில எழுத்தும் எண்ணும். கெட்அட்ரின்ஃபோவில் ஏஐ_ஐடிஎன் என்ற கொடியைப் போட்டால் ஜிலிப்சியே மாற்றிக் கொடுக்கும். ரெஸ்_க்வெரிக்கு நாம்தான் மாற்றித் தர வேண்டும்.

மாற்றினேன். என் கணினியில் சரி, ஒரு மாணவியின் கணினியில் மறுபடியும் "இல்லை". இரண்டு திரையிலும் அதே பெயர்தான். ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் தெரியவில்லை. பைட்டை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. முதல் எழுத்து "கொ". என்னுடையதில் ககரத்துக்குப் பிறகு ஒரே ஒகரக் குறி. அவளுடையது பழைய ஃபான்டிலிருந்து மாற்றி ஒட்டியது. அதில் கொம்பு தனியாக, கால் தனியாக, இரண்டு குறி. கண்ணுக்கு ஒன்று, டிஎன்எஸ்ஸுக்கு வேறு வேறு பெயர். பியூனிகோடுக்கு மாற்றும் முன், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இதே நிலைமைதான். பிள்ளைகளிடம் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கொம்பும் காலும் தனித்தனியாக இருப்பதை அவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கவனித்தார்கள்.

கே.கே. நகரிலிருந்து ஒரு கேள்வி:

இப்போது கெட்அட்ரின்ஃபோ ஒன்று போதாதா? இந்தப் பழைய ரூட்டீன்கள் எதற்கு?

முதலில் எழுதியவர்:

ஐபி விலாசம் மட்டும் வேண்டுமென்றால் கெட்அட்ரின்ஃபோவே போதும், புது நிரலில் கெட்ஹோஸ்ட்பைநேமைத் தொடவே வேண்டாம். திருமங்கலத்துத் தம்பி சொன்ன எம்எக்ஸ், டெக்ஸ்ட் வகைகளைக் கேட்க ரெஸ்_க்வெரி குடும்பம் தேவை. மேலூர் டீச்சர் சொன்ன கொம்பும் காலும் எனக்குப் புதுசு. எங்கள் பெட்டியில் ரகங்களின் பெயரை ஒப்பிடும் இடத்திலும் அது கடிக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது, இன்றைக்கே பார்க்கிறேன்.

சோதிக்கிறவர்களுக்கு ஒரு வழி: ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 192.0.2.1 என்று போட்டு நிரலை ஓட்டுங்கள். ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்காக ஒதுக்கிவைத்த விலாசம் அது, அங்கிருந்து பதில் வராது. உங்கள் நிரல் எத்தனை விநாடி நிற்கிறது, கடைசியில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நான் ரெஸ்_ஆப்ஷன்ஸ் சூழல் மாறியில் டைம்அவுட் 2 என்று வைத்திருக்கிறேன். ரூட்டர் மாறி, கோப்பு திரும்ப எழுதப்பட்டாலும் இது அழியாது.

போன முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலமும் கடைப் பையனை விட்டுக் கேபிளை உருவி அடுத்த ரூட்டரில் மாட்டச் சொல்லி, ஒரு கூடை பிச்சியைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பதிவு 4 விநாடி தாமதித்துப் போனது. எடை உடனே மாறியது.