வார்ஹாமர் 40,000: 2,000 புள்ளிப் படைக்கு 500 பவுண்டு போடலாமா?

லெஸ்டர்வாசி (கேள்வி)

வணக்கம். ஊரில் உள்ள மன்றத்தில் வாராவாரம் வார்ஹாமர் 40,000 (சிறு பொம்மை வீரர்களை ஒட்டிப் பூசி, மேசையில் நடத்தும் போர் விளையாட்டு) ஆடுகிறார்கள். அதில் உள்ள ஸ்பேஸ் மரீன் என்ற கவச வீரர் படை ஒன்று சேர்க்க வேண்டும் என்று ஆசை. காம்பாட் பேட்ரோல் என்ற தொடக்கப் படைப் பெட்டி சுமார் 100 பவுண்டு. உருவங்களுக்கு விதியில் புள்ளி மதிப்பு உண்டு; அதை 2,000 புள்ளிக்குக் கொண்டுபோக இன்னும் 250, 300 ஆகும் போலிருக்கிறது. படைக்கான விதிகள் உள்ள கோடெக்ஸ் புத்தகம், பெயின்ட், கருவிகள் எல்லாம் சேர்த்தால் 500-ஐத் தாண்டுகிறது. தூரிகை பிடித்துப் பழக்கமில்லை. இந்தப் பணத்துக்கு இது தகுமா? ரெசின் பிரின்டர் (திரவ ரெசினை ஒளியால் இறுக்கி உருவம் செய்யும் முப்பரிமாண அச்சு இயந்திரம்) வாங்கி நாமே அச்சிட்டுக்கொள்வது மேலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூரிகை_32

முதலில் நேரக் கணக்கு. பணக் கணக்கு அதிலிருந்துதான் வரும்.

2,000 புள்ளி ஸ்பேஸ் மரீன் படை என்றால் ஏறத்தாழ 50 முதல் 70 உருவங்கள். ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி, சுத்தம் செய்து, ஒட்ட ஓர் உருவத்துக்குக் கால் மணி நேரமாவது ஆகும். பத்துப் பத்தாக வரிசை வைத்துப் பூசினாலும், மேசையில் வைக்கத் தகுந்த தரத்துக்கு ஒன்றுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி. 60 உருவத்துக்குக் கூட்டினால் 100 மணி நேரத்துக்குக் கிட்டே வருகிறது. ஓர் ஆட்டம் மூன்று மணி. அதாவது ஆடுவதற்கு வாங்குகிறோம் என்று நினைத்தாலும், கையில் இருப்பது பெரும்பாலும் ஒட்டும் வேலையும் பூசும் வேலையும்தான். அந்த வேலை பிடித்தவருக்கு 500 பவுண்டு நிச்சயம் தகும். பிடிக்காதவருக்கு 100 பவுண்டும் வீண், உருவங்கள் அலமாரியில் பூசப்படாமல் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும்.

உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்கச் செலவே இல்லை. வார்ஹாமர் கடைகளில் புதிதாக வருபவருக்கு ஓர் உருவம் இலவசமாகக் கொடுத்துப் பூசச் சொல்லித்தருவார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முகத்தையும் தோள்கவசத்தையும் பூசும்போது நேரம் போனது தெரியவில்லை என்றால் தொடங்கலாம்.

தொடங்கினாலும் 2,000 புள்ளியை ஒரேயடியாக வாங்காதீர்கள். காம்பாட் பேட்ரோல் பெட்டி தனி விளையாட்டாகவே ஆடக்கூடியது. 44க்கு 30 அங்குல மேசை போதும், அதற்கான விதிகளை விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனமே இலவசமாகத் தருகிறது. அந்த ஒரு பெட்டியை முழுதும் பூசி முடிக்கும் வரை அடுத்த பெட்டி வேண்டாம். உருவம் வாங்கும் வேகம் பூசும் வேகத்தைத் தாண்டினால், அங்கேதான் பணம் வீணாகிறது.

கோடெக்ஸையும் தள்ளிப்போடுங்கள். விளையாட்டின் 8ஆம் பதிப்பு வந்தது 2017, 9 வந்தது 2020, 10 வந்தது 2023. மூன்றாண்டுக்கு ஒரு பதிப்பு என்று ஓடுகிறது. அச்சிட்ட புத்தகத்தில் உள்ள புள்ளிகள் சில மாதங்களிலேயே மாறிவிடும், திருத்திய பட்டியல் இணையத்தில் இலவசமாக வரும். உருவங்கள் பழையதாவதில்லை, புத்தகம்தான் பழையதாகிறது.

இன்னொரு தவறு, போட்டியில் இப்போது எந்த அணி (சேர்ந்து ஆடும் உருவத் தொகுதி) வலுவானது என்று பார்த்து வாங்குவது. அடுத்த திருத்தத்தில் அதன் புள்ளி ஏறிவிடும், நீங்கள் பூசி முடிக்கும்போது அது சாதாரண அணியாகியிருக்கும். பார்க்கப் பிடித்ததை வாங்குங்கள்.

ஈயப்பட்டை

மேலே சொன்னதெல்லாம் சரி. படையைத் தேர்ந்தெடுப்பதிலேயே செலவு பாதி முடிவாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடெப்டஸ் கஸ்டோடீஸ் படைக்கு ஸ்பேஸ் மரீனில் பாதி உருவமே தேவைப்படும். ஆர்க், டைரனிட் படைகள் 100 உருவங்களைத் தாண்டிப் போகும். இம்பீரியல் நைட் படையில் உருவங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பெரிய நைட் ஒன்றே 100 பவுண்டுக்கு மேல், அதனால் மலிவு என்று எண்ண வேண்டாம். வேலைதான் குறையும்.

கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொந்தக் கடையைவிடத் தனியார் கடைகளில் 15 முதல் 25 சதவீதம் வரை குறைவாகக் கிடைக்கும். பெட்டி அதே பெட்டிதான்.

மன்றத்தில் வேறு என்ன ஆடுகிறார்கள் என்றும் விசாரியுங்கள். நாட்டிங்காமைச் சுற்றி வார்லார்ட், மான்டிக், பெர்ரி என்று இத்தகைய உருவங்கள் தயாரிக்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. பெர்ரியின் பிளாஸ்டிக் காலாட்படைப் பெட்டியில் 30, 40 உருவங்கள் வரும். விலையோ பத்து ஸ்பேஸ் மரீன் உள்ள பெட்டியைவிடக் குறைவு. உருவம் மட்டும் கொஞ்சம் மெலிந்தது, 28 மில்லிமீட்டர் உயர அளவு. 2015-இல் வந்த ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற விளையாட்டை ஆட ஒருவருக்குப் பத்து உருவம் போதும், எந்த நிறுவனத்தின் உருவமானாலும் சரி. ஆனால் எதிரில் ஆட ஆள் இல்லாத விளையாட்டு எவ்வளவு மலிவானாலும் விலை உயர்ந்ததுதான். மன்றத்தில் எல்லோரும் 40,000 ஆடினால் நீங்களும் அதையே எடுங்கள்.

லெஸ்டர்வாசி

நன்றி இருவருக்கும். மன்றத்தில் பெரும்பாலும் 40,000தான். சரி, ஒரு காம்பாட் பேட்ரோல் என்றே வைத்துக்கொள்கிறேன். பெயின்டும் கருவியும் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்? பிரின்டர் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

தூரிகை_32

கருவி: ஸ்ப்ரூ வெட்டும் கத்தரி, கூரான ஹாபி கத்தி, பிளாஸ்டிக் சிமென்ட். சூப்பர் க்ளூ வேண்டாம். உங்கள் பெட்டியில் இருப்பது பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக் சிமென்ட் இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், கீழே விழுந்தாலும் பிரியாது. ரெசினுக்கும் உலோகத்துக்கும் அது பயன்படாது, அங்கே சூப்பர் க்ளூ. பூசிய பரப்பிலும் சிமென்ட் பிடிக்காது, ஒட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும்.

வெட்டும்போது உருவத்தை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒட்டி வெட்டினால் பள்ளம் விழும். அச்சு இணையும் கோடு ஒன்று உருவத்தைச் சுற்றி ஓடும், அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். விட்டுவிட்டால் வாஷ் (பள்ளங்களில் தங்கி நிழல் தரும் நீர்த்த பெயின்ட்) ஊற்றும்போது கறுப்புக் கோடாகத் தெரியும், அப்போது சரி செய்ய முடியாது.

பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடிக்கும் முதல் பூச்சு): ஸ்ப்ரேயை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, பக்கவாட்டில் விசிறி, சிறு சிறு பாய்ச்சலாக அடியுங்கள். மழை நாளிலும் கடுங்குளிரிலும் வெளியே அடிக்காதீர்கள். ஈரப்பதம் கூடினால் மேற்பரப்பு மணல் மணலாகிவிடும், மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்பு மேல்பூச்சு) என்றால் வெண்பனி படிந்ததுபோல் ஆகிவிடும். இங்கிலாந்தின் குளிர்காலத்துக்குத் தூரிகையால் பூசும் வாயெஹோ நிறுவன பிரைமர் நல்லது, ஒரு நாள் காயவிடுங்கள்.

பெயின்ட் பெரிய செட் வேண்டாம். படையின் முதன்மை நிறம், கறுப்பு, எலும்பு வெள்ளை, உலோகச் சாம்பல், பொன், தோல் பழுப்பு, கண் லென்ஸுக்குச் சிவப்பு, நிழலுக்கு அக்ராக்ஸ் எர்த்ஷேட் அல்லது நல்ன் ஆயில் என்ற வாஷ். எட்டுப் புட்டிக்குள் முடிந்துவிடும். கேம்ஸ் வொர்க்ஷாப்பின் சிட்டடெல் பெயின்ட் 12 மில்லி மூடிப் புட்டியில் வரும், திறந்து மூடும்போது உலரும். சொட்டுக் குழாய்ப் புட்டியில் வரும் பெயின்ட் நீடிக்கும், அளந்தும் எடுக்கலாம். எதுவானாலும் தண்ணீர் கலந்து மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். ஒரே தடவையில் மூட நினைத்தால் கவசத்தின் கூர்மையெல்லாம் மறைந்துவிடும்.

பெயின்ட் உலராமல் வைத்திருக்கும் ஈரப் பலகையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில் நனைத்த சமையலறைக் காகிதம், அதன்மேல் பேக்கிங் தாள், அவ்வளவுதான். மெழுகுத் தாள் வேண்டாம், அது தண்ணீரை விடாது.

தூரிகையில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். அளவு 1-இல் நல்ல முடித் தூரிகை ஒன்று, உலோக நிறப் பெயின்டுக்கும் உலர்பூச்சுக்கும் (பெயின்டைத் துடைத்த தூரிகையால் மேடுகளை உரசுவது) மலிவான செயற்கைத் தூரிகை இரண்டு. பெயின்ட் உலோக வளையத்துக்குள் ஏறிக் காய்ந்தால் நுனி விரிந்துவிடும், அதனால் முடியின் பாதிக்கு மேல் தோய்க்காதீர்கள்.

எல்லாம் சேர்த்து 60, 70 பவுண்டில் அடங்கும்.

எஃப்இபி_ஷீட்

பிரின்டர் பற்றி. நல்ல ரெசின் பிரின்டர் 150, 200 பவுண்டு. ரெசின் கிலோ 20, 25. அச்சாகும்போது தாங்கி நிற்கும் குச்சிகளோடு ஓர் உருவத்துக்குப் பத்து கிராமுக்குள். ஆக, பொருள் செலவு 25 பென்ஸ். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள்.

கூடவே வேண்டியவை: 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஐந்து லிட்டர், கழுவ இரண்டு டப்பா, ரெசினை இறுக்கப் புறஊதா விளக்கு, நைட்ரைல் கையுறை, காற்றோட்டமுள்ள தனி இடம். படுக்கையறையில் வைக்கவே கூடாது. ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு தொடவே முடியாது. கழுவிய ஆல்கஹாலைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். வெயிலில் வைத்து ரெசின் இறுகி அடியில் படிந்தபின் வடிகட்டி, கசடைத் தனியே அப்புறப்படுத்துங்கள்.

குளிர்ந்த கராஜில் வைத்தால் ரெசின் கெட்டியாகி அச்சு பாதியில் விழும். 20 டிகிரிக்கு மேல் வேண்டும். பெரிய உருவத்தை உள்ளீடற்றதாக அச்சிட்டால் குறைந்தது இரண்டு துளை விட்டு, உள்ளேயும் கழுவி, உள்ளேயும் புறஊதா ஒளி காட்டுங்கள். உள்ளே இறுகாத ரெசின் தங்கினால் பூசி முடித்த பல வாரம் கழித்து உருவம் வெடித்து ஒழுகும்.

சிற்பிகள் விற்கும் கோப்புகளைக் காசு கொடுத்து வாங்கி அச்சிடுங்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் உருவத்தை ஸ்கேன் செய்த கோப்பு திருட்டு. அவர்கள் சொந்தமாக நடத்தும் போட்டிகளில் அச்சிட்ட உருவமே செல்லாது. மன்றத்தில் அனுமதிப்பார்களா என்று முதலில் கேளுங்கள்.

என் கருத்து: பிரின்டர் இன்னொரு பொழுதுபோக்கு. முதல் ஆண்டில் வேண்டாம். உருவம் மலிவாகிவிட்டால் பூசாத குவியல் இன்னும் வேகமாக வளரும்.

ஈயப்பட்டை

பழையதாக வாங்குவதையும் யோசியுங்கள். படையை விட்டுப் போகிறவர்கள் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிடுவார்கள். வாங்குமுன் எந்தப் பசையில் ஒட்டினார்கள் என்று கேளுங்கள். சூப்பர் க்ளூ என்றால் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து முறுக்கினால் பிரியும், பிளாஸ்டிக் சிமென்ட் என்றால் பிரியாது, ஆயுதத்தை மாற்ற முடியாது. தடித்த பெயின்டை நீக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். அசிட்டோன் கலந்த எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள், உருவமே கரைந்துவிடும். ரெசின் உருவம் என்றால் ஆல்கஹாலில் நீண்ட நேரம் விடாதீர்கள், மென்மையாகிவிடும்.

புதுப் பெட்டியில் ஆயுதம் மாற்றும் வசதியுள்ள பெரிய உருவங்களுக்கு மட்டும் தோள்மூட்டில் 3க்கு 1 மில்லிமீட்டர் காந்தம் வையுங்கள். துளையைக் கையால் திருகும் துரப்பணத்தால் போட்டு, சூப்பர் க்ளூ வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டுமுன் துருவத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கை தலைகீழாகப் போனால் எல்லா ஆயுதமும் தள்ளிவிடும். விதி மாறும்போது அதே உருவத்தை இன்னொரு முறை வாங்கும் செலவு இதில் மிச்சம்.