திருச்சி - மதுரை: புதுக்கோட்டைப் பக்கம் சுற்றிப் போனால் ஒரே நாளில் என்னென்ன பார்க்கலாம்?

காவிரிக்கரை:
வரும் ஞாயிறு திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் போகிறோம். நேர்ச்சாலையில் சுமார் 135 கி.மீ.தான். ஒரு நாள் முழுக்கக் கையில் இருப்பதால் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் மதுரை சேர ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்து வயதுப் பையனும் வருகிறான். எந்த வரிசையில் போவது?

கல்வெட்டுப்பித்தன்:
ஐந்தும் ஒரே நாளில் வேண்டாம். திருமயத்தை விட்டுவிடுங்கள். அது புதுக்கோட்டைக்குத் தெற்கே 20 கி.மீ., கொடும்பாளூரோ மதுரை நெடுஞ்சாலை ஓரம். இரண்டையும் கோத்தால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும்.

வரிசையைத் தூரத்தை வைத்துப் போடாதீர்கள். பாறை எப்போது சுடும், கோயில் நடை எப்போது சாத்துவார்கள் என்று பார்த்துப் போடுங்கள். 6 மணிக்குக் கிளம்பினால் கீரனூர் தாண்டி 7 மணிக்கு நார்த்தாமலை. வெறுமனே "நார்த்தாமலைக் கோயில்" என்று வழி கேட்டால் முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கைகாட்டுவார்கள். விஜயாலய சோழீஸ்வரம் என்று கேளுங்கள், அது மேலமலையில் இருக்கிறது. ஏறும் வழி மொட்டைப் பாறை, ஒதுங்க நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் செருப்பைக் கழற்றினால் கால் வைக்க முடியாது. மேற்குப் பார்த்த கோயில் என்பதால் காலையில் முகப்பு நிழலில்தான் இருக்கும். படம் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. வெளியே சதுரமாகத் தெரியும் விமானத்துக்குள் கருவறை வட்டமாக இருப்பதைக் கவனியுங்கள். எதிரே உள்ள குடைவரையில் (பாறையைக் குடைந்து செய்த கோயில்) பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாக நிற்கும்.

8.45க்கு இறங்கினால் 9.30க்குச் சித்தன்னவாசல். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும் சமணர் கற்படுக்கைகளும் உள்ள ஏழடிப்பட்டம் குன்றின் ஒரு பக்கம், ஓவியம் உள்ள அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை மறுபக்கம். முதலாவதில் ஏறி இறங்கிக் களைத்துவிட்டு, ஓவியத்தைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் உண்டு. நீங்கள் நேராக அறிவர் கோயிலுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் இருட்டாகத்தான் இருக்கும். இரண்டு நிமிடம் கண் பழகட்டும், அப்புறம் அண்ணாந்து பாருங்கள். தாமரைக் குளம், மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆடவர் என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். பல இடங்களில் சுதை உதிர்ந்திருக்கிறது, ஆகவே ஃபிளாஷ் போடாதீர்கள், தூணில் சாயாதீர்கள். பையனை மீன்களை எண்ணச் சொல்லுங்கள், தானாக நின்று பார்ப்பான்.

10.30க்குப் புறப்பட்டே ஆக வேண்டும். குடுமியான்மலையில் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்திவிட்டால் மாலைதான் திறப்பார்கள். முதலில் சிகாநாதர் கோயில் மண்டபச் சிற்பங்கள், பிறகு பின்னால் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில் இசைச் சுரங்களைப் பொறித்த கல்வெட்டு. 7ஆம் நூற்றாண்டின் கிரந்த எழுத்து. அந்தப் பக்கம் பூட்டியிருக்கலாம். உள்ளே நுழைந்தவுடனே காவலரைத் தேடிச் சொல்லிவைத்தால்தான் திறப்பதற்கு நேரம் இருக்கும்.

சாலைவழி:
அம்மாவை நினைத்து ஒன்று சொல்கிறேன். நார்த்தாமலைப் பாறையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும். அவரைக் கீழேயே அம்மன் கோயிலில் உட்காரவைத்துவிட்டு ஏறுங்கள். கொடும்பாளூர் மூவர் கோயில் சமதரை, அங்கே அவர் நிதானமாகச் சுற்றி வரலாம். இருக்குவேள் சிற்றரசர் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் இரு தேவியர் பெயராலும் எழுப்பிய மூன்றில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். திறந்தவெளி நினைவுச்சின்னம் என்பதால் மதியத்திலும் பார்க்கலாம். அதனால் குடுமியான்மலைக்குப் பிறகு அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலைத் திருச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். புளிசாதம், தண்ணீர் கட்டிக்கொண்டு போவது நல்லது. குடுமியான்மலை பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு அலைந்தால் ஒரு மணி நேரம் வீணாகும்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. திருமயம் கோட்டை மேல் பையனுக்கு ஒரு கண். அதை மட்டும் எப்படியாவது சேர்க்க முடியுமா?

கல்வெட்டுப்பித்தன்:
முடியும், ஆனால் குடுமியான்மலையும் கொடும்பாளூரும் போய்விடும். சித்தன்னவாசல் முடித்துப் புதுக்கோட்டையில் சாப்பிட்டுவிட்டுத் திருமயம், அங்கிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை. 1687இல் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. மலைக்குக் கீழே சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். மதியம் அந்தக் கோயில்கள் சாத்தியிருக்கும், கோட்டை திறந்திருக்கும். ஆகவே முதலில் கோட்டை, நடை திறந்ததும் கோயில்.

சாலைவழி:
எந்த வழியானாலும் மேலூர் தாண்டிச் சிட்டம்பட்டி டோல்கேட் வரும், ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். வெளிச்சம் மிச்சமிருந்தால் அந்த நெரிசலுக்குள் நுழையுமுன் ஒத்தக்கடையில் திரும்பி, யானைமலை அடிவாரத்து நரசிங்கப்பெருமாள் குடைவரையைப் பார்த்துவிடுங்கள். மாலையில் நடை திறந்திருக்கும், அம்மாவும் ஏற வேண்டியதில்லை.